பதின்மூன்றாவது ரவை

நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் கீழ்மாடியில் சாமியறை வைத்தார்கள், இல்லையென்றால் வாடகைக்கு விட்டார்கள். நான் ரிவோல்வருக்கு ரவை, அதுதான் தோட்டா, செய்தேன். பொலிஸ் அனுமதி, இரும்பு அலுமாரி, சுடுகழகத்தின் அங்கத்துவ அட்டை எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் போருக்குப் பயந்து ஓடிவந்த ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் குந்தியிருந்து ரவை செய்கிறான் என்பதை எந்த அட்டையைக் காட்டி விளங்கப்படுத்துவது? அதனால் சனத்துக்குச் சொல்லவில்லை. மனைவி மட்டும் ஆரம்பத்தில், இதென்ன கோதாரிப் பொழுதுபோக்கு என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

சுடுவதைவிட இந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து கழுவி, குழி போட்ட பலகையில் பத்துப் பத்தாக ஐந்து வரிசை நிறுத்துவேன். மருந்து அளக்கும் கருவியின் நெம்பை ஒருமுறை இழுத்தால் ஒரு கோதுக்கான வெடிமருந்து விழும். எண்ணிக்கொண்டே இழுப்பேன். ஒரு வரிசை முடிந்ததும் டோர்ச் அடித்துப் பார்ப்பேன். பத்திலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பிறகு ஈயக்குண்டை வைத்து இறுக்கி, செய்த ஒழுங்கு மாறாமல் பெட்டியில் அடுக்குவேன். அந்த நேரத்தில் தலைக்குள் வேறொன்றும் ஓடாது. அதற்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

போரின் கடைசி மாதங்களில் என் தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். நான் நாட்டை விட்டு வந்தபோது அவனுக்குப் பதினொரு வயது. பிறகு குரல் மட்டும்தான், அதுவும் இரண்டு மாதமாக இல்லை. கைத்தொலைபேசியை மேசையில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஒரு ஞாயிறு காலை, இரண்டு வரிசை முடிந்து மூன்றாவதில் இருபத்திரண்டு என்று எண்ணியபோது அது அடித்தது. வவுனியாவிலிருந்து அக்கா.

"சின்னவன் இல்லையடா. செல் விழுந்ததாம். கண்ட ஆக்கள் வந்து சொல்லினம்."

"ஓம் அக்கா" என்றேன். அவள் அழுது முடியும்வரை தொலைபேசியைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு, இருபத்திமூன்று என்று எண்ணி நெம்பை இழுத்தேன். ஐம்பதையும் முடித்துப் பெட்டியை மூடிய பிறகுதான் மேலே போய் மனைவிக்குச் சொன்னேன்.

அவள் என் தம்பியை நேரில் கண்டதே இல்லை. அவள்தான் விழுந்து புரண்டு அழுதாள். சனம் சாப்பாட்டோடு வந்தது. வந்தவர்களுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சீனி போடுவதா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். நாலாம் நாள், எல்லோரும் போனபின், மனைவி சொன்னாள்:

"உங்கடை தம்பிக்கு நான் அழுறன். நீங்கள் ரவை செய்து முடிச்சிட்டு வந்து சொல்லுறியள். உங்களுக்கு உள்ளுக்கை ஒண்டுமே இல்லையே?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழப் பார்த்தேன். வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த கிழமை கழகத்துக்குப் போனேன். வீட்டில் இருந்து மட்டும் என்ன செய்வது? எப்போதும் எனக்குப் பக்கத்தில் நின்று சுடுபவர் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி ஒருவர், நோர்வேக்காரர். அன்று அவர் தன் ரவைகளை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். கையால் செய்த ரவையை அடுத்தவனுக்குக் கொடுப்பதில்லை, எங்கள் வேலையில் அது கண்டிப்பு. நான் யோசிக்காமல் அந்த ஞாயிறு செய்த பெட்டியை நீட்டினேன். ஒழுங்கான மனிதர், முதல் வரிசையின் முதல் ரவையிலிருந்து எடுத்து ஐந்தைந்தாகப் போட்டுச் சுட்டார். மூன்றாவது தரம், மூன்றாவது வெடி. சத்தம் சரியாக வரவில்லை. விரலால் மேசையில் தட்டியதுபோல ஒரு சின்னச் சத்தம்.

அவர் அடுத்ததைச் சுடவில்லை. சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். மருந்தே இல்லாத ரவை அது, கோதின் அடியிலிருக்கும் பொட்டு மட்டும் வெடித்துத் தள்ளியதில் குண்டு பாதிக் குழலில் இறுகிக் கிடந்தது. கம்பியால் தட்டி வெளியே எடுத்தபோது அவருடைய முகம் வெளிறியிருந்தது. எப்படி இப்படி நடந்தது என்று மெதுவாகக் கேட்டார். அதைச் செய்த அன்று என் தம்பி செத்த செய்தி வந்தது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அக்காவிடமிருந்து கேட்டதை மனைவிக்கு அடுத்து நான் வாய்விட்டுச் சொன்னது அவருக்குத்தான். அவர் என் தோளைப் பிடித்து, கை நடுங்கியிருக்கும், நடுங்கத்தானே செய்யும் என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு மனிதருக்குக் கண் போயிருக்கும், எனக்கோ சந்தோசம். என் கை நடுங்கியிருக்கிறது. மனைவிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினதும் கழற்றாததுமாகக் கீழே போனேன். மிச்சம் முப்பத்தேழு ரவைகள். உடைப்பதற்கென்று சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாமான் இருக்கிறது. அதன் தலைக்குள் ரவையை வைத்து நிலத்தில் அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று விழும். ஒவ்வொன்றாக அடித்து, மருந்தைத் தராசில் போட்டுப் பார்த்தேன். சரி. அடுத்ததும் சரி. ஒன்றாவது கூடக்குறைய இருக்காதா என்று கிடந்து தேடினேன். முப்பத்தேழும் சரியாக இருந்தன.

அப்போதுதான் கணக்கு மண்டையில் ஏறியது. அவர் சுட்ட பிழையான ரவை பதின்மூன்றாவது. தொலைபேசி அடித்தது இருபத்திரண்டில். நான் விட்ட ஒரே பிழை, டோர்ச் அடித்தும் கண்ணில் படாத பிழை, அக்கா தொலைபேசி எடுப்பதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. தம்பி இல்லை என்று கேட்ட பிறகு இருபத்தெட்டு ரவை செய்திருக்கிறேன், டோர்ச்சும் அடித்துப் பார்த்து. ஒரு துளி மருந்து சிந்தவில்லை.

நிலத்தில் அடித்த சத்தம் கேட்டு மனைவி படியில் வந்து நின்றாள்.

"என்ன தேடுறியள்?"

"பிழை ஏதும் இருக்கோ எண்டு பார்த்தனான்."

"இருக்கே?"

"இல்லை. எல்லாம் சரி."

நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு அவள் மேலே போனாள்.