உள்ளூர் உபயம்

தம்புரா மீட்டியவருக்குக்கூட மூன்று வசனம் கிடைத்தது. அவர் எந்த ஊர், எத்தனை வருடமாகப் பாடகரோடு போய்வருகிறார், தலைமன்னார்க் கப்பலில் வாந்தியெடுத்த நேரத்திலும் தம்புராவைக் கீழே வைக்கவில்லை என்பதுவரை பெரியப்பா மேடையில் நின்று சொன்னார். கம்பளம் இரவல் தந்த காலி வீதிக் கடை முதலாளிக்கு ஒரு வசனம். என் சின்னம்மாவுக்கு மட்டும் இரண்டே இரண்டு சொல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தோம். அப்பாவின் தமையனாரான பெரியப்பாவும் எங்களோடுதான். பகலில் கந்தோரில் கிளாக்கர், மிச்ச நேரமெல்லாம் சங்கீத சபையின் காரியதரிசி. ஆண்டுக்கு ஒருமுறை இந்தியாவிலிருந்து வித்துவான்களை அழைப்பித்து, நாலு சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் கச்சேரி வைப்பார்கள். முன்வரிசையில் இரண்டொரு வெள்ளைக்காரத் துரைமாரும் வந்து இருப்பார்கள். ஆகையால் வித்துவான்களைச் சபைக்கு அறிமுகம் செய்யும் வேலையைப் பெரியப்பா தமிழில் ஒருமுறை, இங்கிலீசில் ஒருமுறை என்று செய்வார். குருவில் தொடங்கி, குருவின் குருவுக்குப் போய், தகப்பனார் பெயர் சொல்லி, ஊர்க் கோயிலையும் சொல்லி, ஆளிடம் வந்து சேர்வதற்குள் மிருதங்கக்காரர் இரண்டுதரம் சுருதி பார்த்துவிடுவார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்க வந்து எங்களுடன் இருந்தார். பின்னேரங்களில் முன்னறையில் வயலின் வாசிப்பார். எங்கள் வீட்டில் ஒரு பழைய கிராமபோனும் கொஞ்சம் இசைத்தட்டுகளும் இருந்தன. அந்தத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடினவரே அவசர அவசரமாகத் தன் பெயரையும் ஊரையும் சொல்லுவார். சங்கீதம் என்றால் அப்படித்தான் முடியவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். ஆகவே சின்னம்மா வில்லைக் கீழே வைத்ததும் நான் கதிரையில் ஏறி நின்று அவருடைய பெயரையும் ஊரையும் மூச்சுவிடாமல் சொல்வேன். "வடிவாச் சொன்னனீ" என்று மெச்சுவார் சின்னம்மா. இது எங்களுக்குள் நாள் தவறாமல் நடந்தது.

அந்த ஆண்டு மூன்றாம், நாலாம் கச்சேரிகளுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாடகர் ஒருவர் வந்தார். அவருடைய வயலின்காரரை அம்மை என்று சொல்லி, கப்பலேறுமுன் நோய் சோதிக்கும் மண்டபம் முகாமில் மறித்துவிட்டார்கள். பெரியப்பா பதிலுக்கு ஆள் தேடிக் கொட்டாஞ்சேனைவரை அலைந்தார். எங்கள் வீட்டில் தங்கியிருந்த பாடகர் பின்னேரம் முன்னறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "கொழந்தை கையிலே நல்ல நாதம் இருக்கு. நீங்க ஏன் அலையறேள்?" என்றார். இரண்டு கச்சேரிக்கும் சின்னம்மாவே வயலின் என்று முடிவாயிற்று. அந்த வாரம் முழுக்கச் சின்னம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போதும் இடக்கை விரல்கள் மேசையில் ஓடிக்கொண்டிருந்தன. அவ்வளவு ஆசை அவருக்கு.

அறிமுகத்தை எழுதி என் முன்னால் வாசித்துப் பழகுவது பெரியப்பாவின் வழக்கம். அன்றைக்கும் வாசித்தார். முடியுமட்டும் பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"சின்னம்மாவின்ர பேர் எங்கை?"

"அது மேடையிலை பார்த்துச் சொல்லுவன்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நம்பினேன். கொப்பியில் எழுதாததை அவர் ஒருநாளும் மேடையில் சொன்னதில்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை.

மேடையில் சின்னம்மா பாடகரைப் பார்த்தபடி, சபைக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டி இருந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பெரியப்பா வந்து எல்லாருடைய பரம்பரையையும் அவிழ்த்து முடித்தபின், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வயலின், உள்ளூர் உபயம்" என்றார். கோயில் திருவிழா நோட்டீசில் தண்ணீர்ப்பந்தலுக்குப் போடுவார்களே, அதுமாதிரி. இங்கிலீசில் அதுவுமில்லை.

சின்னம்மா வாசித்தாரே, அது ஒரு வாசிப்பு. கடற்கரை ரயில் யன்னல்களை அதிரவைத்துக்கொண்டு போனபோதும் அந்த நாதம் அறுந்துபோகவில்லை. பாடகர் பாதியில் நிறுத்தி அவரைத் தனியே வாசிக்கவிட்டு, தொடையில் தட்டிப் "பலே" என்றார். துரைமார் கைதட்டினார்கள். இனியாவது பெரியப்பா பெயரைச் சொல்வார் என்று பார்த்திருந்தேன். அவர் எழும்பி, கம்பளத்துக்கு இரண்டாந்தரமும் நன்றி சொன்னார்.

மங்களம் பாடி முடிந்தது. இங்கிலாந்து ராசாவின் கீதத்துக்காகச் சபை முழுவதும் எழுந்து நின்றது. பியானோவில் இருந்த டீச்சர் தாளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமில்லை. நான் என் கதிரையில் ஏறி நின்று, சின்னம்மாவின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். எல்லாருக்கும் தகப்பனார் பெயர் சொல்லுகிறார்களே, என் சின்னம்மாவுக்கு மட்டும் குறைச்சலா என்று அம்மப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அதற்குள் பியானோ தொடங்கிவிட்டது. கீதம் முடியுமட்டும் யாரும் அசையக்கூடாது. பெரியப்பா விறைத்து நின்றபடி கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தார். நானும் விடாமல் பார்த்தேன்.

முடிந்ததும் மேடைக்கு ஓடினேன். சின்னம்மா வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என் தலையில் கையை வைத்து, "வடிவாச் சொன்னனீ" என்றார். வில்லைத் தளர்த்தாமலே பெட்டியை மூடினார். இவ்வளவு நேரம் வாசித்த களைப்பு என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ஊரிலிருந்து அம்மப்பாவின் கடிதம் வந்தது. சபையில் இருந்த எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டாரோ தெரியாது. தன் பெயரையும் ஊரையும் சொல்லித் தன் மகளை ஆண்களோடு மேடையில் இருத்தினார்களாமே என்று கேட்டு, உடனே அனுப்பிவைக்கச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் சின்னம்மா யாழ்ப்பாணம் போனார். வயலின் பெட்டி எங்கள் அலுமாரியின் மேல் இருந்தது. அதைக் கொண்டுவரக்கூடாது என்றும் கடிதத்தில் இருந்ததாம். நாலாம் கச்சேரி வயலின் இல்லாமலே நடந்தது. அதற்குப் பிறகு சின்னம்மா எங்கேயும் வாசிக்கவில்லை, வீட்டில்கூட.

பெரியப்பாவோடு நான் மாதக்கணக்கில் கதைக்கவில்லை. மனுஷன் ஒழுங்காகப் பெயரைச் சொல்லியிருந்தால் நான் ஏன் கதிரையில் ஏறப்போகிறேன்? கலியாணம் முடித்துப் பிள்ளைகள் பெற்ற பிறகும் அவரை வைதுகொண்டுதான் இருந்தேன். அப்படி வைத ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தாளைப் பேசாதை. அவரும் சின்னம்மாவும் குசினி அடுப்படியிலை இருந்து எழுதின வசனமடி அது. உள்ளூர் உபயம் எண்டு கண்டுபிடிச்சுப்போட்டு உன்ர சின்னம்மா சிரிச்ச சிரிப்பு எனக்கெல்லோ தெரியும்."

மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சின்னம்மாவைத் தெரியும். அவர் வாசிக்கப்போவது அம்மப்பாவுக்கும் அரசல்புரசலாகத் தெரிந்துதான் இருந்ததாம். பெயர் சொல்லாதவரை எல்லாரும் கண்டும் காணாததுபோல இருக்கலாம், சின்னம்மாவும் வாசிக்கலாம். சொன்ன பிறகு ஒருவராலும் அப்படி இருக்க முடியாது. ஒரு பெண் வயலின் வாசிக்க ஒரு மண்டபமே குருடாக நடிக்கவேண்டும் என்றால், அது என்ன நாறல் ஒழுங்கு? அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரியப்பாமேல் போட்டுக்கொண்டிருந்ததை இப்போது அவர்மேல் போட முடியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னம்மா அன்றைக்கு என்னை ஏசியிருக்கலாம். ஏசாமல், நாளாந்தம் சொன்னதையே சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். அவருடைய பெயரை நான் இதில் எழுதவில்லை. ஒருமுறை சொன்னது போதும்.