அண்ணன் கொடுத்த சட்டை

அண்ணனுக்கு உயிர் வாழவே பிடிக்காமல் போயிருந்த மாதங்களில்தான் நான் அவனைப் பார்த்து அதிகமாகப் பொறாமைப்பட்டேன்.

அடி அண்ணாமலை கிராமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நான் ஐந்தாவதோடு நின்று ஆடு மேய்த்தேன். அண்ணன் டவுன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வீட்டில் கோழி இடும் முட்டையெல்லாம் அவனுக்கு. "தாலுகா ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்காரப் போறான் எம்புள்ள" என்று அப்பா எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்வார்.

அரைப்பரீட்சையில் அவன் கணக்கில் தோற்றான். "இதுக்காடா ஒருத்தன நிறுத்திட்டு உன்னப் படிக்க வச்சேன்?" என்று அப்பா கத்தினார். அந்த ஒருத்தன் நான். கேட்க இனிப்பாக இருந்தது.

அதன்பிறகு அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். கண்ணு பட்டுவிட்டது என்றாள் அம்மா. உப்பும் மிளகாயும் சுற்ற என் காலடி மண்ணையும் எடுத்தாள்.

"காலத் தூக்குடா. உங்கண்ணு இன்னா கம்மியா?"

என் கண்ணுக்கு அவ்வளவு சக்தியா என்று எனக்குப் பெருமை. அடுப்பில் போட்ட மிளகாயின் நெடியில் எல்லோரும் இருமினோம். கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணன் என்னைக் கூப்பிட்டுப் பொங்கல் சட்டை, பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் கொடுத்தான்.

"நீயே வச்சிக்கோடா. எனக்கு இனிமே வேணாம்."

முழங்கால்வரை தொங்கிய சட்டையோடு களத்துக்கு ஓடினேன். அம்மா மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவன் சட்டைய ஏன்டா மாட்டினு வந்த?"

"அவனேதான் குடுத்தான். இனிமே அவனுக்கு எதுவும் வேணாமாம்!"

அம்மா கூடையைத் தள்ளிவிட்டு, அப்பாவைக் கூவிக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். எனக்குக் கொடுத்ததற்காக அவனைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நான் போனபோது அவனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"செத்துடலாம்னு இருந்தேம்மா" என்றான் அண்ணன்.

"படிப்பு போனாப் போவுதுடா. நீ இருந்தாப் போதும்டா எனக்கு."

அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவனை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறினான். அதுவரை வயலுக்கோ கடைக்கோ எங்கே போனாலும் அப்பா அவன் கையைப் பிடித்தபடியே நடந்தார். மீசை அரும்பிய பிள்ளையின் கையை! என் கையை அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. ஆடுகளோடு பின்னால் போன நான், பாசமெல்லாம் அவனுக்கே என்று வயிறெரிந்தேன்.

விட்டுவிடப் பயந்துதான் பிடித்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.