ஆயுதபூசையன்று கழுவிய சேறு

சேற்றைக் குரியரில் அனுப்புகிற நாடு இது. மேற்கே அல்பேர்ட்டா மாகாணத்திலிருந்து விமானமேறி, பத்திரமாகச் சுற்றிக் கட்டப்பட்டு, ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு அது வந்து சேரும். நான் கையெழுத்து வைத்து வாங்குவேன். அகதியாக வந்திறங்கிய என்னை விமானநிலையத்தில் இருத்திவைத்துத் துருவித் துருவி விசாரித்தார்கள்; சேற்றை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இந்த வேலை கிடைத்தபோது என் அறைத்தோழன் குகன், "எட மச்சான், கனடா வந்தும் சேறு குழைக்கிறியோ?" என்று சிரித்தான்.

ஊரிலிருந்து இதையே கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இது எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது உள்ளே விடுகிற சேறு. நம்முடைய கிணறு நேரே கீழே போகும். இவர்களுடைய கிணறுகள் சில கீழே போய், பிறகு திரும்பி, பாறைக்குள் படுத்தபடி நெடுந்தூரம் ஓடுகின்றன. துளைக்கையில் சேற்றிலுள்ள நீர் பாறைக்குள் கசிய, அதில் கலந்த மாப்பொருளும் சுண்ணாம்புத் தூளும் சுவரில் மெல்லிய தோலாகப் படியும். மேற்கொண்டு சேறு பாறைக்குள் போகாமல் மறிப்பது அந்தத் தோல்தான். ஆனால் வேலை முடிந்தபின் அதே தோல் எண்ணெயையும் வரவிடாது. படுத்த கிணற்றில் வரும் எண்ணெய்க்கு அதைத் தள்ளி விழுத்தப் பலம் போதாது. முழு நீளத்துக்கும் சுரண்டுவதும் நடக்காத காரியம். மாப்பொருளைத் தின்னும் நொதியத்தில் ஊறவைத்து இளக்க வேண்டும். சோறு அடிப்பிடித்த பானையை ஊறப்போடுகிற அதே புத்திதான், மேலே ஒரு வெள்ளை அங்கி. வட்டமான பீங்கான் வில்லைகளில் அந்தத் தோலை வளர்த்து, எந்த மருந்துக்கு அது நன்றாகக் கழலுகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை.

வேலையைத் தற்காலிகமாகத்தான் தந்திருந்தார்கள். நிரந்தரமானால் மனைவி வதனியையும் மகளையும் ஸ்பொன்சர் பண்ணுவது சுலபம் என்றார்கள். இருவரும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகளுக்குத் தவழ மட்டுமே தெரியும். வேலை போனால் அவர்கள் வருவதும் தள்ளிப்போகும் என்ற பயத்தில், சொன்னதற்கு மேலேயே செய்துகொண்டிருந்தேன்.

ஊரில் நான் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருந்தவன். சண்டை வந்து அதைப் பூட்டும்வரை, ஆயுதபூசையன்று தராசு முதல் குடுவை வரை கழுவித் துடைத்துப் பொட்டு வைக்காமல் எங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போனதில்லை. ரொறன்ரோவில் வந்த முதல் ஆயுதபூசையன்று, எங்கள் மேலாளர் றூத் மதியம் வெளியே போயிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வடிகட்டும் கலங்களைத் திறந்தேன். உள்ளே சேறு படிந்த வில்லைகள் இருந்தன. சோதனை முடிந்தவை என்று நினைத்து எல்லாவற்றையும் பளிச்சென்று தேய்த்துக் கழுவி, கலங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சோதனை முடிந்திருக்கவில்லை. றூத் பாடுபட்டு வளர்த்து, ஊறவிடுவதற்காக வைத்திருந்த தோல்கள் அவை. அல்பேர்ட்டாவில் ஒரு கிணறு அந்தச் சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தது.

திரும்பி வந்த றூத் வெள்ளை வில்லைகளைப் பார்த்தார். பிறகு கலங்களைப் பார்த்தார்.

"சிவப்புப் பொட்டு எதற்கு? இவையெல்லாம் பழுதா?"

"இல்லை. இன்று கருவிகளைக் கும்பிடும் நாள்."

"பழுதாகாமல் இருக்கவா?"

"இல்லை, நன்றி சொல்ல."

அவை முடியாத சோதனை என்று றூத் சொன்னதும், வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. றூத் தொலைபேசியை எடுத்து அல்பேர்ட்டாக்காரரிடம், "நாங்கள் ஒரு தவறு விட்டுவிட்டோம், திரும்பச் செய்து தருகிறோம்" என்றார். என் பெயரை எடுக்கவேயில்லை. மறுநாள் சனிக்கிழமை, தன் விடுமுறையை விட்டு வந்து, கொண்டுவந்த சூப்பில் பாதியை எனக்கு ஊற்றித் தந்து, என்னோடு நின்று புதிய தோல்களை வளர்த்தார். பொட்டுகளை அழிக்கவுமில்லை. இந்த நாட்டைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் எனக்கு அந்தச் சூப்புத்தான் ஞாபகம் வரும்.

அந்தப் பனிமாரியிலேயே வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த மாரியில் வதனியும் மகளும் வந்து இறங்கினார்கள். என்னிடம் கார் இல்லையென்று றூத்தே விமானநிலையத்துக்கு வந்தார், கையில் ஒரு சின்னக் குளிர்ச்சட்டையோடு. மகள் அதைப் போட்டுக்கொண்டு, பின் ஆசனத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தாள். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பனி.

"அங்கிள், எப்ப வீட்டை போறது?" என்று என்னைக் கேட்டாள்.

"அங்கிள் இல்லையம்மா, அப்பா," என்றாள் வதனி.

"இந்தா, போய்க்கொண்டுதானே இருக்கிறம்," என்றேன்.

"உந்த வீடில்லை. எங்கட வீடு."

அந்த லொட்ஜ் அறையைத்தான் சொன்னாள். அவள் அறிந்த வீடு அதுதான். பிள்ளை என்ன கேட்கிறாள் என்று றூத் கண்ணாடியில் பார்த்தபடி விசாரித்தார்.

"குளிருதாம்," என்றேன்.

அவர் உடனே ஹீற்றரைக் கூட்டிவிட்டார்.