படி கழுவும் அட்டை

வில்மாவைப் பற்றி நகராட்சியில் கேட்டால், "அந்த வாயாடியா?" என்பார்கள். எங்கள் ரோமா குடியிருப்பிலும் அதையேதான் சொல்வோம், ஆனால் அவள் வந்தால் காபி போடுவோம். அவள் எங்கள் இனம், ஊரார் ஜிப்சி என்று ஏசும் ரோமா. சமூக சேவகி என்று நகராட்சியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த நகராட்சியோடேயே மல்லுக்கு நிற்பதுதான் அவள் பிழைப்பு.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் தகரக் கூரைகளும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாயுமாக நாங்கள். அந்தப் பக்கம் நகராட்சியின் வாடகை வீடுகள். அங்கே எப்போதும் வீடு காலியிருக்கும், நாங்கள் போய்க் கேட்கும்போது மட்டும் இருக்காது. வில்மா படியேறிப் படியேறி என் தங்கை இவேதாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். இவேதாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஊரார் படுத்துப் புரண்ட விரிப்புகளை வெளுப்பவள் சுத்தமாகக் குடியிருப்பாளா என்று பார்க்க, ஒரு வருட ஒப்பந்தம்தான் தந்தார்கள். காஜோக்களுக்கு, அதாவது எங்களவர் அல்லாத அந்த வெள்ளைத்தோல் சீமான்களுக்கு, இந்தச் சோதனை கிடையாது.

வருடம் முடிகிற நேரத்தில் அந்தக் கட்டடத்தின் பொறுப்பாளியும் இவேதாவின் பக்கத்து வீட்டுக்காரியுமான யோலானா புகார் கொடுத்தாள். இவேதா ஒருமுறைகூடப் படிக்கட்டைக் கழுவவில்லையாம். அங்கெல்லாம் ஓர் அட்டை வீடு வீடாக நகரும். யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் படி கழுவிவிட்டு, அடுத்த கதவில் மாட்ட வேண்டும். புகார் நிலைத்தால் இவேதா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் குழாயடிக்கே திரும்ப வேண்டும். அதையே சாக்காக வைத்து, இனி எங்களில் ஒருவருக்கும் வீடு தரமாட்டார்கள்.

"ஏன்டி கழுவல?" என்று வில்மா அதட்டினாள்.

"அட்டை வந்தாத்தானே அக்கா? ஒருதரம் நானே வாளியத் தூக்கிட்டுப் போய்க் கழுவினேன். மறுநாள் அந்தம்மா பிளீச்சிங் பவுடரப் போட்டுத் திரும்பக் கழுவுது."

"இத நீ சொன்னா எவனும் நம்பமாட்டான். அவ வாயாலயே வரணும்."

நகராட்சியின் வீடு ஒதுக்கும் குழு கூடியபோது தங்கைக்குத் துணையாக நானும் போயிருந்தேன். தலைவர் மிஹாலிக் நடுவில் உட்கார்ந்திருந்தார், தொப்பையும் இளிப்புமாக. யோலானா முடியைச் சுருட்டிக்கொண்டு, சர்ச்சுக்குப் போடும் கோட்டில் வந்திருந்தாள். வில்மா சண்டைக்கு வருவாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவளோ குழைந்தாள்.

"அப்ப இவேதாவோட முறையெல்லாம் யாருங்க கழுவினது?"

"வேற யாரு? நான்தான். இந்த முட்டி வலியோட."

"பாவம்ங்க நீங்க. அட்டை அவ கதவுல சும்மா தொங்கறதப் பாத்துட்டு, மனசு கேக்காம..."

"அவ கதவுலயா?" யோலானாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அங்க மாட்ட விடுவேனா நான்? ஒரு வாரம்கூட விட்டதில்ல. என் முறையோட அவ முறையையும் நானே கழுவிட்டு, அப்புறம்தான் மேல் மாடிக்கு அனுப்புவேன். அவ கைபட்ட படியில எங்க புள்ளைங்க நடக்கணுமா?"

சொல்லிவிட்டு, மெடல் எங்கே என்பதுபோல் சுற்றிலும் பார்த்தாள். எங்கள் மேல் உள்ள வெறுப்புக்காக ஒரு வருடம் முட்டி தேயப் படி துடைத்த அந்த மூளையை என்னவென்று சொல்ல? சுருட்டிய முடிக்கு அடியில் வேறெதுவும் இல்லை.

வில்மா தலைவர் பக்கம் திரும்பினாள். "அட்டையே போகாத வீட்ட, கழுவலன்னு எப்படிங்க எழுதறது?"

மிஹாலிக்கின் முகம் சிவந்தது. வேறு நாளாக இருந்தால் சட்டம், கிட்டம், அடுத்த கூட்டம் என்று இழுத்தடித்திருப்பார். அன்று குனிந்த தலை நிமிராமல் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று யோலானா பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவேதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பஸ் நிறுத்தத்தில் வில்மா சிகரெட் பற்றவைத்தாள்.

"அந்த ஆளு எப்படி இவ்வளவு சீக்கிரம் மடங்கினான்?" என்று கேட்டேன்.

"எங்க கட்டடத்துலயும் அட்டை இருக்குடா. நான் குடிவந்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் என் கதவுக்கு வந்ததில்ல."

"உனக்குமா? யாரு தாண்டிப் போறது?"

"மேல் வீட்டுக்காரர்தான். இப்ப கையெழுத்துப் போட்டாரே, அவர்."