தொட்டியைப் பற்றி எழுதாத கடிதம்

இதை எழுத எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. மகள் படிப்பு முடியட்டும் என்று தள்ளினேன். அவள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். அதற்குப் பிறகு தள்ளக் காரணம் இல்லாமல், எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை என்று சொல்லிக்கொண்டேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் பள்ளிக்கூடத் தாளாளர் அறையில் உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட அன்று அந்த எட்டாம் வகுப்பு போதுமானதாக இருந்தது. அந்தக் காகிதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. மடிப்புக் கலையாத வெள்ளைத் தாள், அவரே எடுத்துக் கொடுத்த பேனா.

எங்கள் வீடு சங்ககிரியில். அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரத்தில் ஹாஸ்டலோடு கூடிய ஒரு தனியார் பள்ளிக்கூடம். லாரிக்காரர்களும் போர் போடும் ரிக் வண்டிக்காரர்களும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிற இடம். அங்கே கம்ப்யூட்டர் அறைக்கு நான் உதவியாளர். திறப்பது, துடைப்பது, பிள்ளைகளின் செருப்பை வாசலில் விடச் சொல்வது, சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டுவது, இவ்வளவுதான் வேலை. கம்ப்யூட்டர் டீச்சர் சேலத்திலிருந்து தினமும் வருவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, வாயில் எப்போதும் ஒரு கேலி. நான் வரிசையாக அணைத்துக்கொண்டு போவதைப் பார்த்து, "ஒண்ணொண்ணா தாலாட்டித் தூங்க வைக்கிறீங்களா பாய்?" என்பார்.

ஒருநாள் சாயங்காலம் என் கையைத் தடுத்தார். இனிமேல் அணைக்க வேண்டாம் என்றார். சும்மா இருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளுக்காகக் கணக்குப் போடுமாம். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பெரிய கணக்கு ஒன்றைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்க உள்ள கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட் வழியாக அனுப்புகிறார்கள். நம்முடையது ஒரு துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்பும். என்ன கணக்கு என்று கேட்டேன். மயிரிழையைவிட மெல்லிய குழாய்க்குள் தண்ணீர் எப்படி நுழைகிறது என்கிற கணக்கு. அது தெரிந்துவிட்டால் அழுக்குத் தண்ணீரைக் குறைந்த செலவில் வடிகட்ட வழி கிடைக்கும், ஏழை நாட்டுப் பிள்ளைகள் குடிக்கலாம் என்றார். இதற்கு யாருக்கும் கூலி கிடையாது.

எங்கள் மார்க்கத்தில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது பெரிய தர்மம். மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்கள் பேரில் அதைச் செய்தால் நன்மை அவர்களைப் போய்ச் சேரும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். கிணறு வெட்டிவைக்க எனக்கு வசதி இல்லை. அதனால் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கின் நன்மை என்னைப் பெற்ற அத்தாவுக்குச் சேரட்டும் என்று மனதுக்குள் நிய்யத் வைத்துக்கொண்டேன். கூச்சத்தோடுதான் டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப எட்டாம் நம்பர் எங்கப்பாவுக்கு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கணக்குப் போடட்டும் பாய்," என்றார். அன்றிலிருந்து கரண்ட் போய் வந்தால் ஏழாம் நம்பரை பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் போடுவேன். எட்டின் திரையை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைப்பேன்.

டீச்சர் இதை ஒளித்துச் செய்யவில்லை. தாளாளரிடம் கேட்டுத்தான் செய்தார். தாளாளருக்கு ஒரே பெருமை. பத்திரிகைக்காரரை வரவழைத்து, கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் கைகட்டி நின்று, ஓரத்தில் டீச்சரையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். உலகத்தின் தாகத்தைத் தீர்க்கும் பள்ளி என்று அந்தப் படத்தோடு வாசலில் பிளக்ஸ் கட்டினார். அதற்குக் கீழேதான் ஹாஸ்டல் பிள்ளைகள் தட்டோடு சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பார்கள்.

அந்தக் கோடையில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. முதலில் நாலு பேர், பிறகு ஒரு அறை முழுக்க. உருளைக்கிழங்கு சேரவில்லை என்றார் வார்டன். மதிய லுஹர் தொழுகைக்காக நான் ஹாஸ்டல் குழாயில்தான் முகம், கை, கால் கழுவி ஒளு செய்வேன். வாய் கொப்பளிக்கும்போது ஒரு வாடை தெரிந்தது. நிறமோ மணமோ சுவையோ மாறிய தண்ணீரில் ஒளு கூடாது என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தும், பிளீச்சிங் பவுடர் வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று நாள் தொழுதேன். நாலாம் நாள் டீச்சரிடம் சொன்னேன். "வாங்க பாய், மேல போய்ப் பாத்துருவோம்," என்றார்.

மொட்டை மாடியில் இருந்த தொட்டியின் மூடி பாதி உடைந்து கிடந்தது. மீதியை நான்தான் தூக்கினேன். உள்ளே இரண்டு புறாக்கள். ஒன்று இறகும் எலும்புமாகக் கரைந்துவிட்டது. இன்னொன்று ஊதி மிதந்தது. தண்ணீர் மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம், அதில் வெள்ளைப் புழு நெளிந்தது. சுவரில் விரல் கனத்துக்குப் பாசி. எத்தனை மாதமாகக் கழுவவில்லையோ. டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனில் படம் எடுத்தார். நான் வாளியைத் தேடினேன். "எடுக்காதீங்க பாய். அவர் வந்து பாக்கட்டும்," என்றார். நான் அன்று அந்தக் குழாயில் கை வைக்கவில்லை.

டீச்சர் போய்ச் சொல்லியும் தாளாளர் மேலே ஏறவே இல்லை. மதியத்துக்குள் ஆள் விட்டுத் தொட்டியைக் கழுவினார், புது மூடி போட்டார், வெளியே நீல பெயின்ட் அடித்தார். பெற்றோர்கள் மறுநாள் வருவதாக இருந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"ஏனுங்க பாய், நீங்க தெனமும் கம்ப்யூட்டர ஆன்ல உட்டுப்போட்டுத்தானுங்க ஊட்டுக்குப் போறீங்க?"

"ஆமாங்க."

"டீச்சர் சொல்லித்தானுங்களே?"

"ஆமாங்க."

"அது வெளிநாட்டுக்காரங்க வேலதானுங்க?"

"ஆமாங்க."

"அதத்தான் எழுதச் சொல்றனுங்க. பொய்யி ஒண்ணும் எழுதச் சொல்லுல." பேனாவை நீட்டியபடியே கேட்டார், "பாப்பா பத்தாவதுதான சாமி? நல்லாப் படிக்குதுங்களா?"

என் மகள் அதே பள்ளியில் சம்பளம் கட்டாமல் படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன். மூன்று கேள்விக்கும் மூன்று பதில், அத்தனையும் உண்மை. பொய் சொல்லவில்லை என்கிற நிம்மதியோடு எழுந்து வந்தேனே, அந்த நிம்மதிதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் கூட்டத்தில் அவர் அழகாகப் பேசினார். கரண்ட் அடிக்கடி போகிறது, ஜெனரேட்டர் தாங்குகிற அளவுக்குத்தான் ஓட்ட முடியும், இந்த அம்மா வெளிநாட்டுக்காரனுக்காக எல்லாக் கம்ப்யூட்டரையும் ஓட்டியதால் மோட்டார் போட முடியாமல் பழைய தண்ணீர் தங்கிவிட்டது என்றார். டீச்சர் படத்தைக் காட்டினார். எந்த ஊர்த் தொட்டியோ, நம் தொட்டியை ஏறிப் பாருங்கள் என்றார் தாளாளர். நாலைந்து பேர் ஏறிப் பார்த்துவிட்டு, பளபளவென்று இருப்பதாகச் சொல்லி இறங்கினார்கள். பிறகு என் கடிதத்தை வாசித்தார். ரிக் வண்டி வைத்திருந்த ஒருவர், "ஊரு ஒலகத்துக்கெல்லாம் தண்ணி கண்டுபுடிக்கப் போயி எம் பையனுக்குப் பேதி புடுங்கிருச்சேம்மா," என்றார். கூட்டம் சிரித்தது. முந்தின வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களும் சிரித்தார்கள்.

டீச்சர் தாளாளரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற என் பக்கம் திரும்பினார். "பாய், தொட்டியப் பத்தி ஏன் எழுதல?"

"அவங்க அதக் கேக்கலீங்க டீச்சர்," என்றேன்.

அவ்வளவுதான். அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வெளிநாட்டுக்கு வேலை பார்த்தவர் என்ற பேரோடு வேறு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்? கிளம்புமுன் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். ஒவ்வொன்றாக அந்தக் கணக்கை நிறுத்திக்கொண்டே வந்தார். எட்டையும் அவரே அணைத்தார். ஏழுக்கு முன்னால் வந்ததும் நின்றார். "இது உங்கத்தாவோடது. நீங்களே அணைச்சுக்குங்க பாய்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் புறாவைப் பற்றி மட்டும் கேட்டேன். செத்தது ஊதிக் கிடந்திருந்தால் மூன்று நாள் தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டும் என்றார். தொழுதேன். கடிதத்தைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. ஓர் அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும், அது கேட்காமலே எனக்குத் தெரியும்.

மகள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை அங்கேயே சம்பளம் வாங்கிச் சாப்பிட்டேன். பிளக்ஸ் கிழிந்ததும் புதிதாக அடித்துக் கட்டினார்கள், டீச்சர் நின்ற ஓரத்தை வெட்டிவிட்டு. தாளாளர் இப்போது இன்னும் இரண்டு பள்ளிக்கூடம் கட்டிவிட்டார். டீச்சர் சேலத்தில் ஒரு கோயில் தெருவில் டியூஷன் எடுப்பதாகக் கேள்வி. இப்போது நான் வைத்திருக்கும் சின்னக் கடைக்காகச் செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஒருமுறைகூட நான் இறங்கியதில்லை. ஒளுவுக்கு வாய் கொப்பளிக்கும்போது எவ்வளவு நல்ல தண்ணீரிலும் அந்த வாடை வருகிறது. அது தண்ணீரில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், அவர் காதுக்கும் போகட்டும். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நீளமாக இருக்கிறதென்று எதையும் விட்டுவிடாதீர்கள். எல்லாம் உண்மையாக இருந்தும் ஒன்றை விட்டதால்தான் ஒருத்தர் பேரும் பிழைப்பும் போயின. பிள்ளைக்காகப் பயந்துவிட்டார் பாவம் என்று எனக்காக ஒரு வரி சேர்க்கவும் வேண்டாம். தொட்டி மூடியைத் தூக்கியவன் நான். உள்ளே புறா கிடந்தது. அந்த அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்.