தெரியாது என்று சொல்லக் கூடாத தோட்டம்

பட்டம் வாங்கிய கையோடு மேற்படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மிளகுக் கொடிகளை ஆராய்வதாக ஏற்பாடு. மாத்தளைக்காரன், மிளகுக்கு நடுவில் பிறந்தவன், என்னை விட்டால் வேறு யாருக்குக் கொடுப்பார்கள் என்று டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேராசிரியை கேட்ட எல்லாவற்றுக்கும் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பித்தேன். எங்கேயாவது ஒரு வருஷம் வேலை செய்து, நாலு மனிதர்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபப்பட்டு என்ன, வேலை தேடத்தானே வேண்டும்.

நாலந்தாப் பக்கம் வீதியோரத்தில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தம்புள்ளையிலிருந்து கண்டிக்குப் போகும் வேன்கள் அங்கே நிற்கும். இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு ஏலம், கறுவா, மிளகு என்று செடி செடியாகக் காட்டி, கடைசியில் எண்ணெய்ப் போத்தல் விற்கும் கடைக்குள் கொண்டுபோய்த் தள்ள வேண்டும். அதற்காக எனக்கொரு வெள்ளைக் கோட். முதலாளி முதல் நாளே ஒரே ஒரு சட்டம் போட்டார்.

"என்ன கேட்டாலும் ஏதாச்சும் சொல்லு தம்பி. தெரியாதுன்னு மட்டும் சொல்லிறாத. தெரியாதுன்னா வாங்க மாட்டான்."

ஆரம்பத்தில் நாக்குக் கூசத்தான் செய்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏலச்செடியைக் காட்டி, இது எத்தனை வருஷம் வாழும் என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? மழையைப் பொறுத்தது என்றேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டேன். குரங்கு ஏன் கொக்கோக் காயைக் கடித்துப் போடுகிறது, கறுவாப் பட்டை ஏன் சுருள்கிறது, எதைக் கேட்டாலும் வாயில் பதில் தயார். வீட்டிலும் விடவில்லை. சோறு ஏன் குழைந்தது என்று அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தால்கூட விளக்கம் சொல்லப் போய்விடுவேன். அம்மா அகப்பையைக் காட்டி வாயை மூடச் சொல்வார்.

அடுத்த வருஷம் அதே அறை, அதே பேராசிரியை. இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் ஆயுளுக்கும் வெள்ளைக் கோட்தான், எண்ணெய்ப் போத்தல்தான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சில தோட்டங்களில் மட்டும் மிளகுக் கொடி ஏன் மஞ்சளாகிறது?

ஆரம்பித்தேன் ஐயா, ஆரம்பித்தேன். மண் என்றேன், வெயில் என்றேன், மலையின் நிழல், காற்றின் திசை என்றெல்லாம் அளந்தேன். கைகள் தாமாக விரிந்தன. குரலில் தேன் வழிந்தது. பேசி முடித்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, கதவுப் பக்கம் கையை நீட்டி, "இந்தப் பக்கமா வாங்க" என்றேன்.

அவர் எழவில்லை.

"இதுல உண்மையிலேயே எது உங்களுக்குத் தெரியும்?" என்று பேராசிரியை நிதானமாகக் கேட்டார்.

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது, அதுதான் கொடுமை. ஆனால் நீட்டிய கை இன்னும் கதவைப் பார்த்தபடியே இருந்தது. மானம் போனபிறகு மறைக்க என்ன இருக்கிறது?

"ஒண்ணும் தெரியாது மெடம். எங்க தோட்டத்துலயும் மஞ்சளாத்தான் இருக்கு. ஒரு வருஷமா தினமும் பாக்குறேன். கீழ் இலைதான் முதல்ல மஞ்சளாகுது. ஏன்னு தெரியாது."

"வர்றவங்க யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. இது தங்க மிளகு, அபூர்வ ரகம்னு சொல்லிட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, கீழ் இலையைப் பற்றி மட்டும் வெகுநேரம் விசாரித்தார். பாதிக் கேள்விகளுக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன்.

இடம் கிடைத்துவிட்டது. செய்தி வந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கும் சந்தோஷம்தான், ஆனாலும் ஒரு சந்தேகம்.

"இதப் படிச்சு முடிச்சா நல்ல வேலை கிடைக்குமா?"

"தெரியாதும்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதச் சொல்றதுக்கா ஒரு வருஷம் வேலைக்குப் போன?"