அமிர்தவல்லி வீட்டுக் கல்

என் கணவர் உத்திராபதி நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தார். போன தை மாதம் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய கல் அலமாரியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அதில் இல்லாத ஒரு கல்லைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத மனிதர். காபியைக்கூட நடந்துகொண்டே குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வழுதாவூர்ப் பக்கம் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். அந்தக் கடலின் சிப்பியும் சங்கும் கல்லாகி மண்ணுக்குள் கிடக்கின்றன. கிணறு வெட்டிக் கொட்டிய மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார். அவர் தேடியது ஆட்டுக்கொம்புபோல வட்டமாகச் சுருண்ட ஓடு. ஒன்பது வருடத்தில் கிடைத்ததெல்லாம் துண்டுகள். முழுதாக ஒன்றுகூட இல்லை.

ஐம்பத்தெட்டில் அலுவலகப் பியூன் அம்மாவாசை அவரிடம் சொன்னான்: "எங்க வம்பாகீரப்பாளையத்துல ஒரு வீட்டுல நீங்க சொல்ற மாதிரியே கல்லு இருக்குதுங்க. ஆனா அது சாமி."

அன்று மதியமே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீட்டு அமிர்தவல்லி துய்மா வீதியில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சமையல் செய்தவள். அவர்கள் கப்பலேறியபோது, மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கல்லை வீட்டுக்கார மதாம் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சக்கரம் போட்ட கல் என்பதால் பூக்காரி ஒருத்தி அதைச் சாளக்கிராமம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் எண்ணெய், சந்தனம், விளக்கு. "கருகிப்போன அதிரசம் மாதிரி இருக்குது. உள்ளே முழுசு" என்று வந்து சொன்னார். நான்கு முறை போய்க் கேட்டார். நான்கு முறையும் அவள் தரவில்லை.

மறுவருடம் கார்த்திகையில் அமிர்தவல்லியின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மீன் வறுக்கிற வீட்டில் பெருமாளை வைத்ததால் வந்த வினை என்று தெருவில் பேசினார்கள். கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கிருந்து வந்ததோ, வேண்டாம் என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, புதுத்துணியில் சுற்றி, எங்கள் வீட்டுக்கே எடுத்து வந்தாள்.

"ஐயா, உங்க வீட்டுல கவிச்சி உண்டா?"

"கிடையாது."

"தெனம் வெளக்கேத்துவீங்களா?"

கோயில் வாசலையே மிதிக்காதவர், கண்ணைக் கல்லிலிருந்து எடுக்காமல், "ஏத்துறோம்" என்றார்.

அவளுக்கு அது போதவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா" என்றாள். நானும் சொன்னேன்.

மறுநாளே வேலை தொடங்கியது. ஐந்து வருட எண்ணெயும் புகையும் பிசுக்காக ஏறியிருந்தன. என் சீயக்காய்த் தூளைக் கரைத்து ஒரு பேசினில் ஊறப்போட்டார். பிறகு பல் தேய்க்கும் பிரஷ். கிராமபோன் ஊசியைப் பேனாக்கட்டையில் செருகி, வரிப்பள்ளங்களில் இறுகியிருந்த பழைய மண்ணைத் துகள் துகளாக எடுத்தார். கொஞ்சம் எடுப்பார், எழுந்து முற்றத்தைச் சுற்றுவார், திரும்ப வருவார். மூன்று வாரத்தில் கறுப்புக்கு அடியிலிருந்து தேன் நிறம் வந்தது. அதன்மேல் முருங்கைக்கீரையை ஒட்டிவைத்ததுபோல நெளிநெளியாகக் கோடுகள். "இதுதான், இதுதான்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அமிர்தவல்லி வெள்ளிக்கிழமைதோறும் வந்தாள். அவள் வருகிற நேரம் பார்த்து நான் விளக்கு ஏற்றிவைப்பேன். முதல் வாரம் பேசினில் கல்லைப் பார்த்துவிட்டு, "தல முழுக்காட்டுறீங்களா? எனக்கு இது தோணலியே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். போகும்போது வாசலில் நின்று, "முன்னயே கொண்டாந்து விட்டிருக்கணும். நான்தான் அந்த மனுசனக் கொன்னுட்டேன்" என்றாள். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னாள். அவள் போன பிறகு அன்று முழுக்க அவர் ஊசியைத் தொடமாட்டார். உண்மையைச் சொன்னால் கல் போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளியும் அவள் வந்து அதையே சொல்வாள்.

ஐந்தாவது வெள்ளி, அவள் உட்காருவதற்குள் சொல்லிவிட்டார்.

"இது சாமி இல்லம்மா. ரொம்ப காலத்துக்கு முன்னால கடல்ல இருந்த ஒரு உயிரோட ஓடு. கடம்பான்னு கணவா மீனு இருக்குதில்ல, அதுக்குத் தாயாதி."

"நான் வறுக்கிற கடம்பாவா?"

"அதேதான். நாங்க தெனம் வெளக்கும் ஏத்தல. நீ வர அன்னைக்கு மட்டும் ஏத்துனோம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அது என்னா தின்னுருக்கும்?" என்றாள்.

"நண்டு. சின்ன மீனு."

"அப்போ கவிச்சிக்காரன்தான். எஞ்சட்டி வாசன அதுக்கு ஆவாம இருந்திருக்காது."

 "இருந்திருக்காது" என்றார் அவர்.

"அவரு போனது இதுனால இல்ல."

"இல்லம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்தானையை விரித்து நீட்டினாள். "குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"சாமி இல்லன்னு சொன்னேனே."

"சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். இது அய்யிரு வீட்டுப் புள்ளைன்னுதானே கொண்டாந்து விட்டேன்? எங்க சாதிதான்னு தெரிஞ்ச பொறவு இங்க பருப்புச் சோத்துக்கு எதுக்கு விட்டுட்டுப் போவணும்?"

கொடுத்தது கொடுத்ததுதான் என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று எனக்கு இருந்தது. கல்லை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். முந்தானையில் வைத்தார்.

"எண்ணெ மட்டும் ஊத்தாதே. கோடு மறைஞ்சிடும்."

"அது எனக்கும் அதுக்கும் உள்ளது, விடுங்க" என்று முடிந்துகொண்டு நடந்தாள்.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"அடுப்பு மாடத்துல வச்சிருக்கா. கறுத்துப்போச்சு. ஒரு கோடு தெரியல."

"கேட்டு வாங்கிட்டு வரதுதானே?"

"அவ இப்பதான் ராத்திரியில தூங்குறாளாம்" என்றார். சட்டையைக்கூடக் கழற்றாமல் மறுபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.